ஈஸ்ட் பொட்டலத்தை வாங்கும் முன் வாளி இருக்கப்போகும் அறையின் சூட்டைப் பாருங்கள்

வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்குபவர்கள் மால்ட்டைப் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பற்றியும் ஹாப்ஸைப் (கசப்பும் மணமும் தரும் பூ) பற்றியும் யோசிப்பதில் பாதியைக்கூட ஈஸ்டைப் பற்றி யோசிப்பதில்லை. எந்த மால்ட், எந்த நாட்டு ஹாப்ஸ், எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும் என்பதையெல்லாம் கவனமாகக் குறித்துவைத்துக்கொள்கிறார்கள். ஈஸ்ட் என்று வந்தால் மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பொட்டலமே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே பானையில் காய்ச்சிய மால்ட் சாற்றை இரண்டு வாளிகளில் பிரித்து, ஒன்றில் இங்கிலாந்து ஏல் (மிதமான சூட்டில் நொதிக்கும் பீர் வகை) ஈஸ்டையும் மற்றொன்றில் பவேரியக் கோதுமை பீர் ஈஸ்டையும் தூவிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் முதல் வாளியில் ரொட்டி மணமும் லேசான பழச்சுவையும் கொண்ட தெளிந்த பீர் இருக்கும். இரண்டாவதில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும் கலங்கலான பானம் இருக்கும். மால்ட்டும் ஹாப்ஸும் இரண்டிலும் ஒன்றுதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பீரின் வகைப் பெயரைப் பார்த்து ஈஸ்ட் வாங்குவது தவறான வரிசை. வாளி இருக்கப்போகும் இடத்தில் எந்த வெப்பநிலையை உங்களால் ஒரு வாரம் நிலையாக வைத்திருக்க முடியும் என்பதே முதல் கேள்வி. அதற்குப் பொருந்தும் ஈஸ்டைத் தேர்ந்தெடுத்த பிறகு, அந்த ஈஸ்டுக்கு ஏற்ற பீரைக் காய்ச்சுங்கள். பெரிய மதுவடிப்பாலைகளிடம் குளிரூட்டிய கலங்கள் இருப்பதால் அவர்கள் பீரை முதலில் முடிவுசெய்யலாம். நம்மிடம் இருப்பது ஒரு பிளாஸ்டிக் வாளியும், ஆள் இல்லாத ஓர் அறையும்தான்.

இது சட்டம் இடம்தரும் நாடுகளில் வாழ்கிறவர்களுக்கான கட்டுரை. பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்ச 1963 முதல் உரிமம் வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது; அங்கே உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம். நான் காய்ச்சுவது இங்கிலாந்தில் என்பதால், குளிர்காலத்தில் 16 டிகிரிக்கு இறங்கி, கோடையில் 27 டிகிரிக்கு ஏறும் ஒரு சாதாரண வீட்டை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

இப்படித் தேர்ந்தெடுக்கும் வசதியே ஒப்பளவில் புதியது. பவேரியாவின் 1516ஆம் ஆண்டுத் தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டுமே குறிப்பிடுகிறது. ஈஸ்ட் அதில் இல்லை. நுரைக்க வைப்பது ஓர் உயிர் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. முந்தைய காய்ச்சலின் வண்டலை அள்ளி அடுத்ததில் போடுவார்கள். அதில் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கும். 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து தூய வளர்ப்பை உண்டாக்கினார். அந்த முறையைக் கார்ல்ஸ்பெர்க் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் மற்றவர்களுக்கும் கொடுத்தது. இன்று கடைத் தட்டில் பெயர் போட்டு அடுக்கிவைத்திருக்கும் ஒவ்வொரு பொட்டலமும் அந்த வேலையின் தொடர்ச்சி.

வெப்பநிலைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமும் கரியமில வாயுவும் மட்டும் தருவதில்லை. எஸ்டர் எனப்படும் பழமணப் பொருள்களையும், தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்களையும், வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைலையும் சேர்த்தே உண்டாக்குகிறது. சூடு ஏறினால் எஸ்டரும் கனமான ஆல்கஹாலும் கூடும். சூடு குறைந்தால் ஈஸ்ட் சோர்ந்து, வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு அடியில் படிந்துவிடும். பொட்டலத்தில் போட்டிருக்கும் வெப்பநிலை சாற்றுக்கு உரியது, அறைக்கு உரியது அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. நொதித்தல் தானே வெப்பத்தை வெளிவிடும். முதல் இரண்டு மூன்று நாள்களில் 20 லிட்டர் வாளியின் உட்புறம் அறையைவிட இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை சூடாக இருக்கும். அறை 22 என்றால் உள்ளே 26 இருக்கலாம். வாளியின் பக்கவாட்டில் ஒட்டும் பட்டை வெப்பமானி ஒன்று போதும். விலை மிகக் குறைவு, ஆனால் இதைவிடப் பயனுள்ள கருவி ஒரு தொடக்கக்காரருக்கு இல்லை.

வெளிநாட்டுத் தமிழ் வீடுகளில் இட்லி மாவு பொங்குவதற்கென்று ஒரு வெதுவெதுப்பான மூலை இருக்கும்: ஹீட்டருக்கு அருகில், அல்லது உள்விளக்கை மட்டும் போட்ட ஓவனுக்குள். ஏல் ஈஸ்ட் போட்ட வாளியை அந்த மூலையில் வைக்கக் கூடாது. அதற்கு வேண்டியது வீட்டின் குளிர்ந்த மூலை: வெயில் படாத அறை, மாடிப்படியின் அடி, தரையோடு ஒட்டிய இடம்.

இனி பொட்டலங்களுக்கு வருவோம். தொடக்கக்காரர் பெரும்பாலும் மூன்று உலர் ஏல் ஈஸ்டுகளுக்கு இடையில்தான் தடுமாறுகிறார்: ஃபெர்மென்டிஸ் நிறுவனத்தின் யூஎஸ்-05, அதே நிறுவனத்தின் எஸ்-04, லாலேமண்ட் நிறுவனத்தின் நாட்டிங்ஹாம். மூன்றும் நல்லவை. மூன்றின் குணமும் வேறு.

யூஎஸ்-05 அமெரிக்கப் பேல் ஏலின் ஈஸ்ட். கலிபோர்னியாவின் சிகோ நகரில் 1980 முதல் காய்ச்சிவரும் சியரா நெவாடா மதுவடிப்பாலையின் ஈஸ்டோடு உறவுடையது என்பதால் இந்தக் குடும்பத்துக்கே 'சிகோ' என்ற பெயர் நிலைத்துவிட்டது. தன் சொந்த மணத்தை அதிகம் காட்டாமல் ஹாப்ஸை முன்னால் நிறுத்துவது இதன் சிறப்பு. தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு 18 முதல் 26 டிகிரி. என் பரிந்துரை 18 முதல் 20. இருபத்திரண்டைத் தாண்டினால் அந்தத் தூய்மை குறையத் தொடங்குகிறது. 16க்குக் கீழே இறங்கினால் பீச் பழ வாசனை வருவதாகக் காய்ச்சுபவர்கள் பலர் சொல்கிறார்கள். குறை ஒன்றே: அடியில் இறுகிப் படியாது. புட்டியைச் சற்று வேகமாகச் சாய்த்தாலே வண்டல் புகைபோல் எழுந்து கோப்பைக்குள் வந்துவிடும்.

எஸ்-04 இதற்கு நேர்மாறு. விரைவாகத் தொடங்கி, விரைவாக முடித்து, அடியில் களிமண் அடைபோல் இறுகிவிடும். புட்டியை நிதானமாகச் சாய்த்தால் கடைசி விரல்கடை வரை தெளிந்த பீர் வரும். லேசான பழச்சுவையும் ரொட்டி மணமும் இதற்கு உண்டு. பிட்டர், போர்ட்டர், ஸ்டவுட் போன்ற இங்கிலாந்து வகைகளில் அது அழகாகப் பொருந்தும். ஹாப்ஸ் மணம் மட்டுமே வேண்டும் என்பவருக்கு அதே குணம் இடைஞ்சலாகத் தோன்றும். 18 டிகிரியில் மிக அடக்கமாக நடந்துகொள்ளும் இந்த ஈஸ்ட், 23ஐத் தாண்டினால் பழச்சுவையை அதிகமாகக் கொட்டிவிடும். தவிர, வேலையை முடிக்கும் அவசரத்தில் படிந்துவிடும் ஈஸ்ட் என்பதால், குளிர்ந்த இரவில் வெப்பநிலை சட்டென்று இறங்கினால் சர்க்கரை மிச்சமிருக்கும்போதே நின்றுவிட வாய்ப்பு உண்டு. வாளியைச் சற்று வெப்பமான இடத்துக்கு மாற்றி, மெதுவாக ஆட்டிவிட்டால் பெரும்பாலும் மீண்டும் எழுந்துவிடும்.

குளிர்ந்த வீட்டில் இருப்பவருக்கு நான் முதலில் கொடுப்பது நாட்டிங்ஹாம். 10 டிகிரி வரை இறங்கினாலும் வேலை செய்யும் என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். ஏல் ஈஸ்டுகளில் இந்தப் பொறுமை அரிது. 14, 15 டிகிரியில் வைத்தால் குளிரில் நொதிக்கும் லாகர் பீரை ஏறக்குறைய ஒத்த சுத்தமான பீர் கிடைக்கும். எஸ்-04 அளவுக்கு நன்றாகவே படியும். யூஎஸ்-05 அளவுக்கு ஆழமாகச் சர்க்கரையைத் தின்னும். இரண்டின் நற்குணங்களும் ஒன்றில் இருக்கும்போது இதையே எப்போதும் வாங்கலாமே என்று கேட்கலாம். 20 டிகிரிக்கு மேல் போனால் அந்தச் சுத்தம் போய்விடும் என்பதால் கோடையில் இது உதவாது. பிட்டர் வகைகளில் எஸ்-04 தரும் உருண்டையான சுவையும் இதில் வராது. சற்று வறண்டே முடியும்.

'வறண்டு முடிவது' என்பதை எண்களில் பார்த்தால் தெளிவாகும். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் உங்கள் சாறு தொடக்கத்தில் 1.048 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இந்த எண் இறங்கும். 1.000க்கு மேல் இருக்கும் 48 புள்ளிகளில் (ஒரு புள்ளி 0.001) எஸ்-04 நூற்றுக்கு 75 பங்கு இறக்கினால் 1.012இல் நிற்கும். யூஎஸ்-05 80 பங்கு இறக்கினால் ஏறக்குறைய 1.010. தொடக்க எண்ணிலிருந்து முடிவு எண்ணைக் கழித்து 131ஆல் பெருக்கினால் சாராய அளவு கிடைக்கும்: முதலாவது 4.7 சதவீதம், இரண்டாவது 5 சதவீதம். சாராயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வாயில்தான் வித்தியாசம் தெரியும். 1.012இல் நின்ற பீர் நாக்கில் கனமாக உட்காரும், கறுத்த மால்ட்டுக்கு ஏற்றது. 1.010இலும் அதற்குக் கீழும் முடிந்தது தாகம் தணிக்கும், கசப்பைக் கூர்மையாகக் காட்டும். இந்த எண்ணிக்கை முழுவதும் ஈஸ்டின் கையில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மால்ட்டை 65 டிகிரி நீரில் ஊறவைத்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை கூடும். 69இல் ஊறவைத்தால் குறையும். ஆகவே எஸ்-04இன் பீர் தித்திப்பாக இருக்கிறது என்றால் ஈஸ்டை மாற்றும் முன் ஊறவைத்த சூட்டையும் பாருங்கள்.

கோடைக்கு என்ன செய்வது? இரண்டு வழிகள். ஒன்று, வாளியை ஒரு பெரிய தொட்டி நீரில் நிறுத்தி, உறையவைத்த தண்ணீர் புட்டிகளைக் காலையும் மாலையும் மாற்றிவருவது. முதல் நான்கு நாள் இதைச் செய்தால் போதும். தேவையற்ற மணங்கள் பெரும்பாலும் அப்போதுதான் பிறக்கின்றன. இரண்டாவது வழி, சூட்டோடு போராடாமல் சூட்டை விரும்பும் ஈஸ்டை வாங்குவது. நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கிவைக் ஈஸ்டுகள் அப்படிப்பட்டவை. அங்கே பண்ணைக்காரர்கள் ஈஸ்டை மர வளையத்திலோ துளையிட்ட கட்டையிலோ தோய்த்துக் காயவைத்து, அடுத்த விழாவுக்குக் காய்ச்சும் நாள் வரை தொங்கவிடுவார்கள். சாறு ஆறிக் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததுமே ஈஸ்டைச் சேர்த்துவிடுவார்கள். அந்த வழக்கத்திலேயே பழகிய ஈஸ்ட் சூட்டைத் தாங்குவதில் வியப்பில்லை.

இவற்றில் வோஸ் பகுதியின் ஈஸ்டை லாலேமண்ட் உலர் பொட்டலமாக விற்கிறது. வரம்பு 25 முதல் 40 டிகிரி. 35க்கு மேல்தான் அதன் முழு வேகம். 37 டிகிரியில் தூவினால் சில மணி நேரத்தில் மூடி துடிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் நொதித்தல் முடிந்துவிடும். வேறு ஏல் ஈஸ்டை இந்தச் சூட்டில் போட்டால் குடிக்க முடியாத பெயின்ட் வாடை வரும். வோஸில் ஆரஞ்சுத்தோல் மணம் மட்டுமே வருகிறது. இட்லி மாவு மூலைக்கு உரிய ஈஸ்ட் இது ஒன்றுதான்! ஆனால் இதற்கு ஊட்டம் நிறைய வேண்டும். மெல்லிய சாற்றில், குறிப்பாகச் சர்க்கரை கலந்து காய்ச்சிய சாற்றில், ஈஸ்ட் ஊட்டப்பொடி சேர்க்காவிட்டால் தள்ளாடும். சிங்கப்பூர் போன்ற வெப்பமான ஊர்களில் இருப்பவர்கள் குளிர்பெட்டி வாங்குவதற்குப் பணம் ஒதுக்கும் முன் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம். எனக்கு ஒரே தயக்கம்: எல்லாப் பீரும் கொஞ்சம் ஆரஞ்சாகவே மணக்கும். பேல் ஏலுக்கு அது வரம். ஸ்டவுட்டில் எனக்குப் பிடிக்கவில்லை.

லாகரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் குளிர்பெட்டி இல்லாதவருக்கு இதில் தேர்வு குறைவு. லாகர் ஈஸ்ட் இரண்டு இனங்களின் கலப்பு. ஒரு பாதி ஏல் ஈஸ்ட். மறுபாதி குளிரைத் தாங்கும் ஒரு காட்டு ஈஸ்ட். அந்தக் காட்டு ஈஸ்டை 2011இல் அர்ஜென்டினாவின் பட்டகோனியாக் காடுகளில் கண்டுபிடித்ததாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உலர் பொட்டலங்களில் ஃபெர்மென்டிஸின் டபிள்யூ-34/70ஐ வாங்கினால் போதும். பவேரியாவின் வைஹன்ஸ்டெபனிலிருந்து வந்த, உலகம் முழுவதும் பெரிய மதுவடிப்பாலைகள் பயன்படுத்தும் ஈஸ்ட் அது. 12 முதல் 18 டிகிரி அதன் வரம்பு. 12இல் காய்ச்ச விரும்பினால் 20 லிட்டருக்கு ஒரு பொட்டலம் போதாது, இரண்டு வேண்டும். ஏலுக்கு லிட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் என்றால், இந்தக் குளிரில் லாகருக்கு ஒரு கிராம் என்று கணக்கு. கடைசியில் இரண்டு நாள் 18 டிகிரிக்கு ஏற்றிவையுங்கள். ஈஸ்ட் தான் வெளியிட்ட டைஅசிட்டைலைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும், வெண்ணெய் வாடை போய்விடும். பிறகு சில வாரம் குளிரில் இருக்க வேண்டும். இடமும் பொறுமையும் இல்லாதவர் நாட்டிங்ஹாமைக் குளிர்ந்த அறையில் வைத்துக் காய்ச்சினால் லாகருக்கு மிக அருகில் வந்துவிடலாம்.

கோதுமை பீருக்கும் பெல்ஜியத்தின் சேசோன் என்ற வறண்ட பீருக்கும் ஈஸ்ட் வாங்குகிறவர்கள் நின்று நிதானித்துப் படிக்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறது: டயஸ்டாட்டிகஸ். சில ஈஸ்டுகள், மற்ற ஈஸ்டுகளால் தொட முடியாத நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளையும் வெட்டித் தின்னும் நொதியைச் சுரக்கின்றன. ஃபெர்மென்டிஸின் டபிள்யூபி-06, லாலேமண்டின் பெல் சேசோன் இரண்டும் இந்த வகை. நாம் பார்த்த அதே 1.048 சாற்றை இவை 1.006க்கும் கீழே கொண்டுபோகும். அது பிழையல்ல, சேசோனின் வறட்சியே அதன் அழகு. ஆபத்து அவசரத்தில் இருக்கிறது. வேகமாகத் தொடங்கும் இந்த ஈஸ்டுகள் கடைசிப் புள்ளிகளை மிக மெதுவாகத் தின்னும். 1.010இல் நின்றுவிட்டது என்று நம்பிப் புட்டியில் அடைத்தால் உள்ளே தொடர்ந்து தின்றுகொண்டிருக்கும். நாம் புட்டியில் அடைக்கும்போது நுரைக்காகச் சேர்ப்பது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை. ஹைட்ரோமீட்டரில் மூன்று புள்ளி இறங்கினாலே ஏறக்குறைய அதே அளவு வாயு உண்டாகும். இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் எங்கே போகும் என்று பாருங்கள். கண்ணாடிப் புட்டி வெடித்தால் சில்லுகள் அறை முழுவதும் பறக்கும். கண்ணுக்கும் கைக்கும் நேரக்கூடிய காயம் சாதாரணமானதல்ல. டயஸ்டாட்டிகஸ் ஈஸ்ட் என்றால் மூன்று வாரமாவது வாளியில் விடுங்கள். மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் துளியும் மாறாமல் இருந்த பிறகே அடையுங்கள். கனமான புட்டிகளை மட்டும் பயன்படுத்துங்கள். அடுத்த காய்ச்சலுக்கு முன் குழாய்களையும் வாளியையும் மிகக் கவனமாகக் கழுவுங்கள். மீந்த சில செல்கள் அடுத்த பீருக்குள்ளும் இதே வேலையைச் செய்யும்.

பவேரியக் கோதுமை பீர் மட்டும் வேண்டும் என்றால் இந்த ஆபத்தைத் தொடவே வேண்டியதில்லை. லாலேமண்டின் மியூனிக் கிளாசிக் இந்த நொதி இல்லாத ஈஸ்ட். வாழைப்பழம், கிராம்பு இரண்டும் டபிள்யூபி-06ஐவிட இதில் செழிப்பாக வரும். 18 டிகிரியில் கிராம்பு தூக்கலாகவும், 22இல் வாழைப்பழம் தூக்கலாகவும் இருக்கும். ஒரே ஈஸ்டை வெப்பநிலையால் இரண்டு விதமாகப் பேசவைக்க முடியும் என்பதை அறிய இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. வாளியில் மேலே நான்கு விரல் இடமாவது காலியாக விடுங்கள், நுரை கூரைவரை எழும்பும் ஈஸ்ட் இது.

திரவ ஈஸ்ட் நல்லதா, உலர் ஈஸ்ட் நல்லதா என்ற வாதம் நெடுநாளாக நடக்கிறது. அமெரிக்காவின் வையீஸ்ட், ஒயிட் லாப்ஸ் போன்ற நிறுவனங்கள் விற்கும் திரவ வகைகளில் தேர்வு மிக அதிகம். குறிப்பிட்ட ஒரு பெல்ஜிய மடாலயம் காய்ச்சும் பீரின் சுவையையே நாடுபவருக்கு வேறு வழி இல்லை. ஆனால் விலை உலர் பொட்டலத்தைவிடக் கணிசமாக அதிகம், ஆயுள் குறைவு, அஞ்சலில் வெயிலில் கிடந்தால் பெரும்பகுதி செத்துவிடும். பழைய பொட்டலமாக இருந்தால் லிட்டருக்கு 100 கிராம் உலர் மால்ட் கரைத்த சாற்றில் ஒரு நாள் முன்பே வளர்த்தெடுக்க வேண்டும். உலர் ஈஸ்டைக் குளிர்பெட்டியில் வைத்தால் பொட்டலத்தில் போட்ட தேதி வரை கவலையில்லை. வெட்டிச் சாற்றின்மேல் தூவினால் போதும். முதல் ஓராண்டுக்கு உலர் ஈஸ்டைத் தாண்டிப் போக வேண்டிய அவசியமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ரொட்டி ஈஸ்ட் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அதுவும் ஏல் ஈஸ்டின் இனம்தான், சாராயத்தையும் தரும். பின்லாந்தின் சாட்டி என்ற பாரம்பரிய பீரை இன்றும் ரொட்டி ஈஸ்டில்தான் காய்ச்சுகிறார்கள். ஆனால் கிராம்பு வாடையும் தீராத கலங்கலும் சேர்ந்தே வரும். சாட்டிக்கு அவை பொருந்தும். பேல் ஏலுக்காக நல்ல மால்ட்டும் ஹாப்ஸும் வாங்கிவிட்டு ஈஸ்டில் மட்டும் சிக்கனம் பார்ப்பது உங்கள் உழைப்புக்கு நீங்களே செய்யும் அநியாயம்.

ஆக, குளிர்கால வீட்டில் அறை 14 முதல் 17 டிகிரி என்றால் நாட்டிங்ஹாம். 18, 19இல் நிலையாக வைக்க முடிந்தால், ஹாப்ஸ் விரும்பிகள் யூஎஸ்-05, மால்ட் விரும்பிகள் எஸ்-04. 25க்கு மேல் போகிறது, குளிர்விக்க வழியில்லை என்றால் வோஸ். யூஎஸ்-05, எஸ்-04 இரண்டுக்கும் நடுவில் இன்னும் முடிவு வரவில்லையென்றால் அடுத்த முறை 20 லிட்டர் சாற்றைப் பத்துப் பத்தாக இரண்டு வாளிகளில் ஊற்றுங்கள். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றுக்கும் 6 கிராம் ஈஸ்டை நிறுத்து எடுத்து, வாளிமேல் பெயரெழுதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மீதிப் பொட்டலங்களைக் காற்றுப் புகாமல் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் பயன்படுத்தலாம்.